உஷார்! ‘செக்ஸ் அடிமை’ என்று முத்திரை குத்துமுன் மாத்திரை அட்டையைப் பாருங்கள்

உஷார்! உஷார்!

கையில் இருக்கும் வேலையைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். ‘இதெல்லாம் நம்ம வீட்டுக்கு வராது’ என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். வந்த வீடுகளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தன.

வீட்டில் ஒருவர் மெல்ல மாறுகிறார். எந்நேரமும் கைபேசி. நடுராத்திரியில் எழுந்து தனியே போகிறார். வங்கிக் கணக்கில் பணம் கரைகிறது. கேட்டால் எரிந்து விழுகிறார். ஒருநாள் குட்டு உடைகிறது: ஆபாசப் படம், காசு கட்டிப் பேசும் வீடியோ அழைப்பு, அல்லது அதைவிட மோசமான ஏதோ ஒன்று. குடும்பமே இடிந்துபோய் உட்கார்ந்திருக்கும் அந்த நேரத்தில், நாலு விஷயம் தெரிந்த உறவுக்காரர் ஒருவர் வந்து தீர்ப்புச் சொல்கிறார்: “இது செக்ஸ் அடிக்‌ஷன். குடி மாதிரிதான். நல்ல டீஅடிக்‌ஷன் சென்டரா பார்த்துச் சேர்த்துடுங்க.”

சேர்க்காதீர்கள்! அவசரப்பட்டு எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்!

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம்.

அவர் ஓய்வுபெற்ற அரசு ஊழியர். அறுபதைத் தாண்டியவர். பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டிவருவது அவர் பொறுப்பு. கை நடுங்க ஆரம்பித்தது. பார்க்கின்சன் நோய் என்றார்கள், மாத்திரை எழுதினார்கள். நடுக்கம் நன்றாகவே குறைந்தது. சட்டைப் பொத்தானை மறுபடி அவரே போட்டுக்கொண்டார். வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. சில மாதம் கழித்து மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள்.

அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. ராத்திரியில் மனைவியைத் தூங்கவிடவில்லை. அந்த அம்மாவுக்குச் சர்க்கரை, முட்டிவலி. முடியாது என்றால் கத்தினார். வாழ்நாளில் மனைவியிடம் குரலை உயர்த்தாத மனிதர் அவர்! பிறகு கைபேசி. பிறகு காசு பிடுங்கும் செயலிகள். ஓய்வூதியம் வந்த வாரமே தீர்ந்தது. மனைவியின் இரண்டு வளையல்கள் அடகுக்கடைக்குப் போயின. தான் செய்வது தவறு என்று அவருக்கே தெரிந்திருந்தது. அழுதிருக்கிறார். மறுநாளும் செய்திருக்கிறார்.

ஒருநாள் அது மருமகள் கண்ணில் பட்டது. வீடு ரெண்டுபட்டது. மகன் அப்பா மேல் கை ஓங்கினான். பேத்தியைத் தாத்தா அறைப் பக்கமே விடக்கூடாது என்று உத்தரவு. அவருக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர். வெளியே சொல்லவும் முடியாமல் உள்ளே வைத்துக்கொள்ளவும் முடியாமல் கடைசியில் ஒரு போதை மறுவாழ்வு மையத்தில் கொண்டுபோய் விட்டார்கள். முன்பணமும் கட்டினார்கள்.

அங்கே முதல் வேலையாக அவர் பையில் இருந்த மாத்திரைகளை வாங்கிவைத்துக்கொண்டார்கள்!

சில நாளிலேயே உடம்பு விறைத்துப்போனது. எழுந்து உட்கார முடியவில்லை. கஞ்சி விழுங்க முடியவில்லை. அள்ளிப் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினார்கள். அங்கே இரவுப் பணியில் இருந்த ஓர் இளம் மருத்துவர் இரண்டே கேள்வி கேட்டார். “இந்த மாத்திரை எப்போ ஆரம்பிச்சாங்க? இந்தப் பழக்கம் எப்போ ஆரம்பிச்சது?”

அந்த அம்மா மாதங்களை விரல்விட்டு எண்ணினார். எண்ணிக்கொண்டிருக்கும்போதே அழுதுவிட்டார்.

மாத்திரையை நரம்பியல் மருத்துவர் படிப்படியாக மாற்றினார். சில வாரத்தில் அந்த வெறி அடங்கியது. ஆனால் கை ஓங்கிய மகன் இன்றுவரை அப்பா முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. அந்த அம்மா என்னிடம் சொன்னது: “இது என் புருஷன் குணம் இல்லைன்னு எனக்குத் தெரியும். ஆனா யாரும் என்கிட்ட கேக்கலையே.”

இது எங்கோ ஒரு வீட்டில் மட்டும் நடந்த அதிசயம் இல்லை. பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் பிரமிபெக்ஸோல், ரோபினிரோல் போன்ற மாத்திரைகள் மூளையில் டோபமின் செய்யும் வேலையைச் செய்கின்றன. கைகால் அசைவதற்கு டோபமின் வேண்டும். ஆசைக்கும் தேடலுக்கும் இன்பத்துக்கும் அதே டோபமின்தான் வேண்டும். நடுக்கத்துக்குப் போட்ட மாத்திரை ஆசையின் கட்டையும் அவிழ்த்துவிடலாம். அமெரிக்காவிலும் கனடாவிலும் 3,090 பார்க்கின்சன் நோயாளிகளை ஆராய்ந்து 2010ல் ஒரு முடிவு வெளிவந்தது. அவர்களில் 3.5 சதவீதம் பேருக்குக் கட்டுக்கடங்காத பாலியல் நடத்தை. 5 சதவீதம் பேருக்குச் சூதாட்ட வெறி. கண்டதையும் வாங்கிக் குவிப்பது, அடங்காமல் தின்பது இவற்றையும் சேர்த்துப் பார்த்தால், ஏதாவது ஒன்றில் சிக்கியவர்கள் 13.6 சதவீதம். இந்த வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களை மட்டும் எடுத்தால் 17.1 சதவீதம்!

கால்களில் குறுகுறுப்பு வந்து தூங்கவிடாத நோய்க்கும் இதே மாத்திரைகளைக் கொடுப்பதுண்டு. மனநோய்க்குத் தரும் அரிபிபிரசோல் மாத்திரையும் சிலருக்குச் சூது, சாப்பாடு, செலவு, செக்ஸ் ஆகியவற்றில் அடக்க முடியாத உந்துதலைக் கிளப்பலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016ல் பகிரங்கமாக எச்சரித்தது.

இதைப் படித்துவிட்டு ஓடிப்போய் மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்! திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்று இப்போதுதானே பார்த்தோம். எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் போங்கள். கூச்சப்படாமல், நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். குறைப்பதோ மாற்றுவதோ அவர் வேலை.

சரி, மாத்திரையும் இல்லை, வேறு நோயும் இல்லை. ஆனாலும் ஒருவரால் தன்னைக் கட்டுப்படுத்தவே முடியவில்லை. அப்போதாவது அதைக் குடி, கஞ்சா போல ஓர் அடிமைத்தனம் என்று சொல்லலாமா? உலகத்து மருத்துவர்கள் நாற்பது வருஷத்துக்கு மேலாக இதில்தான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

1983ல் பேட்ரிக் கார்ன்ஸ் என்ற அமெரிக்கர் எழுதிய புத்தகம்தான் ‘செக்ஸ் அடிக்‌ஷன்’ என்ற பேச்சை வீடுவீடாகக் கொண்டுபோனது. 1987ல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேட்டில் அது ஒரு மூலையில் இடம்பிடித்தது. 1994 பதிப்பில் காணாமல் போனது. 2013ல் ஐந்தாம் பதிப்பு வந்தபோது, மார்ட்டின் காஃப்கா என்ற மருத்துவர் அளவுகோல்களோடு முன்வைத்த ‘மிகைப் பாலுணர்வுக் கோளாறு’ம் ஏற்கப்படவில்லை. ஆனால் அதே பதிப்பில்தான் சூதாட்டத்தைத் தூக்கி அடிமைத்தன அத்தியாயத்தில் வைத்தார்கள்.

பிறகு உலக சுகாதார நிறுவனம். அதன் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு 2019ல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் ‘கட்டாயப் பாலியல் நடத்தைக் கோளாறு’ என்று ஒரு நோய் இருக்கிறது. இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். ‘இதெல்லாம் திமிர், நாலு போட்டால் சரியாகும்’ என்று சொல்கிறவர்களுக்கு அதுவே பதில். ஆனால் அதை எங்கே வைத்தார்கள் தெரியுமா? சூதாட்டமும் வீடியோ கேமும் இருக்கும் அடிமைத்தனப் பட்டியலில் வைக்கவில்லை. அடக்க முடியாமல் தீ வைப்பவர்கள், தேவையே இல்லாமல் திருடுகிறவர்கள் இருக்கும் உந்துதல் கட்டுப்பாட்டுக் கோளாறுகள் என்ற பட்டியலில் வைத்தார்கள்.

அடிமைத்தனம்தான் என்பவர்கள் கையில் ஆதாரம் இல்லாமல் இல்லை. 2014ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் வலேரி வூனின் குழு இப்படிப்பட்ட 19 ஆண்களுக்கு ஆபாசக் காட்சிகளைக் காட்டி மூளையைப் படம் பிடித்தது. போதைப்பொருள் அடிமைகளுக்குப் போதையைக் காட்டினால் மூளையில் விழித்துக்கொள்ளும் அதே பகுதிகள் இவர்களுக்கும் விழித்தன. ஆனால் 19 பேரின் மூளைப் படம் ஊருக்கெல்லாம் தீர்ப்பு ஆகிவிடாது. வேறு ஆய்வுகள் வேறு மாதிரிச் சொல்கின்றன. குடியை நிறுத்தினால் உடம்பு நடுங்குகிறதே, அளவு ஏறிக்கொண்டே போகிறதே, அதுபோல இதிலும் நடக்கிறதா என்பதற்கு உறுதியான சான்று போதவில்லை. அமெரிக்காவின் பாலியல் கல்வியாளர்கள், ஆலோசகர்கள் சங்கம் 2016ல், இதை அடிமைத்தன நோயாக வகைப்படுத்தப் போதிய ஆதாரம் இல்லை என்று வெளிப்படையாகவே அறிவித்தது.

என் மனசில் பட்டதைச் சொல்கிறேன். நாளைக்கே ஆராய்ச்சி வளர்ந்து பட்டியலை மாற்றினாலும் மாற்றலாம். சூதாட்டம் அப்படித்தான் இடம் மாறியது. அது மருத்துவர்களின் கவலை. நம் கவலை வேறு. இன்றைக்கு, நிரூபணமாகாத ஒரு பெயரை நம்பி, நாம் பெற்ற பிள்ளையையோ கட்டிய கணவனையோ தவறான வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிடக் கூடாது. குடிக்கு வைத்தியம் என்றால் ஒரு சொட்டும் தொடாதே என்று சொல்லலாம். கல்யாணமான ஒரு மனிதனிடம் வாழ்நாள் முழுக்க ஆசையே கூடாது என்று சொல்ல முடியுமா? இங்கே நோக்கமே வேறு. ஆசையை அறுப்பது இல்லை, கடிவாளத்தை அவர் கையிலேயே திருப்பிக் கொடுப்பது.

சட்டமும் இதைச் சொல்கிறது. நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. ஒருவருக்கு மனநோய் இருக்கிறதா என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் அண்மை வகைப்பாடு உள்ளிட்ட, அரசு அறிவிக்கும் மருத்துவ அளவுகோல்களை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஊர், சமூகம், மதம் வைத்திருக்கும் ஒழுக்கத்துக்கு ஒருவர் ஒத்துவரவில்லை என்பதற்காக அவருக்கு மனநோய் என்று தீர்மானிக்கக் கூடாது. உறவுக்காரர் சொன்னார், சாமியார் சொன்னார், சென்டர்காரர் சொன்னார் என்பதெல்லாம் செல்லாது!

அம்மாக்களே, அடுத்தது உங்களுக்கு. குறிப்பாக வயசுப் பையன் இருக்கும் வீட்டுக்கு.

பையன் கதவைச் சாத்திக்கொள்கிறான். என்னவோ பார்க்கிறான். நீங்கள் பதறுகிறீர்கள். உங்களைவிட அவன் பதறிக்கொண்டிருக்கிறான்! ஒரு சொட்டு போனால் இத்தனை சொட்டு ரத்தம் போச்சு, நரம்புத் தளர்ச்சி வரும், கல்யாணத்துக்கு லாயக்கில்லாமல் போவாய் என்று யாரோ அவன் காதில் போட்டிருக்கிறார்கள். இந்தப் பயம் ஒரு நோய்க்குறியாகவே இந்தியாவில் பதிவாகியிருக்கிறது. 1960ல் மனநல மருத்துவர் என். என். விக் அதற்கு ‘தாத்’ நோய்க்குறி என்று பெயரிட்டார். முன்பு இந்தப் பயத்தை லாட்ஜில் அறை எடுத்து வைத்தியம் பார்த்தவர்கள் காசாக்கினார்கள், லேகியம் விற்றார்கள். இப்போது அதே பயத்துக்கு ‘அடிக்‌ஷன்’ என்று புதுச் சட்டை. ‘90 நாளில் விடுதலை’ என்று கைபேசியில் பொட்டலம் பொட்டலமாக வியாபாரம். பாலியல் சக்தியைக் கூட்டுவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டு மருந்துகள், மாய மருத்துவ விளம்பரச் சட்டப்படி குற்றம். அப்படியும் நிற்கவில்லை.

நான் கேள்விப்பட்ட ஒரு பையன் இருக்கிறான். கல்லூரியில் கடைசி வருஷம். வாரத்துக்கு ஓரிரு முறை படம் பார்ப்பான்; அவ்வளவுதான். படிப்பு கெடவில்லை, வேலை கெடவில்லை. ஆனால் தான் ஓர் அடிமை என்று நம்பிவிட்டான். வீட்டுக்குத் தெரியாமல் கடன் வாங்கிப் பணம் கட்டினான். ‘விட முடியலையே’ என்று ஒருநாள் தூக்க மாத்திரையை எடுத்துவிட்டான். தெய்வாதீனமாகப் பிழைத்தான். அவனைக் கொல்லப் பார்த்தது அந்தப் படம் இல்லை. குற்ற உணர்ச்சி!

ஜோஷுவா கிரப்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளரின் ஆய்வுகள் இதைத் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. ‘நான் ஆபாசப் படத்துக்கு அடிமை’ என்று நம்புகிறவர்கள் எல்லாருமே அதிகம் பார்க்கிறவர்கள் இல்லை. அது பாவம் என்று ஆழமாக நம்பிக்கொண்டே பார்க்கிறவர்களுக்குத்தான் அந்த எண்ணம் கூடுதலாக வருகிறது. உலக சுகாதார நிறுவனமும் எச்சரித்தே எழுதியிருக்கிறது: வெறும் ஒழுக்கக் குற்ற உணர்ச்சியால் மட்டும் வரும் வேதனையை வைத்து இந்த நோய் என்று சொல்லக் கூடாது. பதின்வயதுப் பிள்ளைகளுக்கு இயல்பாக வரும் ஆசையையும் பழக்கத்தையும், அவர்கள் அதற்காக வருந்தினாலும், நோய் என்று எழுதக் கூடாது.

ஆகவே, பிள்ளையிடம் கத்தாதீர்கள். சாப்பாட்டு நேரத்தில் ஜாடை பேசாதீர்கள். பையன் ‘சாகலாம்போல இருக்கு’ என்று ஒரு வார்த்தை சொன்னால் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்! அன்றே மருத்துவரிடம் போங்கள்.

அப்படியானால் எதற்குத்தான் பயப்பட வேண்டும்? இதற்கெல்லாம்.

சாப்பாடு, குளியல், தூக்கம், உடம்பு, வேலை, பிள்ளைகள் எல்லாம் பின்னுக்குப் போய், நாள் முழுக்க அது ஒன்றையே சுற்றி ஓடுகிறதா? ஆபத்து!

விட வேண்டும் என்று அவரே பலமுறை முயன்று, பலமுறை தோற்றிருக்கிறாரா? சிம் கார்டை உடைத்து, சாமி படத்தின் முன் சத்தியம் செய்து, மறுவாரமே மறுபடி போகிறாரா?

வேலை போனது, மனைவி பிறந்தகம் போனாள், பால்வினை நோய்கூட வந்துவிட்டது. அதன் பிறகும் நிற்கவில்லையா?

இது எல்லாவற்றையும்விட முக்கியமான அடையாளம் ஒன்று இருக்கிறது. அதைப் பலர் கவனிப்பதே இல்லை. இன்பமே இல்லாமல் செய்வது! ‘பிடிக்கலை, ருசிக்கலை, ஆனா செய்யாம இருக்க முடியலை’ என்று ஒருவர் சொன்னால், அவர் சாக்குச் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள். அங்கேதான் நோய் நிற்கிறது.

இது ஆறு மாதமோ அதற்கு மேலோ தொடர்ந்து, வாழ்க்கையைக் குலைத்திருக்க வேண்டும். ஒருநாள் மாட்டிக்கொண்டதை வைத்து முடிவு கட்ட முடியாது. ஆசை கொஞ்சம் அதிகம் உள்ளவர் என்பதும் நோய் ஆகாது.

இனி, இதுபோலவே தோன்றி ஏமாற்றும் வேறு அபாயங்கள். இவற்றில் நாள் கடத்தவே கூடாது. ஒருவர் திடீரென்று இரண்டு மூன்று மணி நேரமே தூங்குகிறார், களைப்பே இல்லை, வாய் ஓயாமல் பேசுகிறார், உலகத்தையே வாங்கப்போவதாகச் சொல்கிறார், காசை வாரி இறைக்கிறார், கூடவே பாலியல் துணிச்சலும் பொங்குகிறது என்றால், அது இருமுனை மனநோயின் எழுச்சிக் கட்டமாக இருக்கலாம். அதற்கு மருந்து உண்டு; உடனே வேண்டும். நடுத்தர வயதைத் தாண்டிய ஒருவர், வெட்கம் மானம் என்பதே மறந்துபோனவர்போல் நாலு பேர் முன்னால் அசிங்கமாகப் பேசுகிறார், நடந்துகொள்கிறார் என்றால், மூளையின் முன்பகுதி தேயும் மறதி நோயாக இருக்கலாம். மெத்தாம்பெட்டமைன் போன்ற போதைப்பொருளும் இந்த வெறியைக் கிளப்பும். மேலே சொன்ன மாத்திரைகள் தனிக் கணக்கு. இத்தனையையும் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டுத்தான் ‘கட்டாயப் பாலியல் நடத்தை’ என்று ஒரு மருத்துவர் எழுதவே முடியும். பார்த்த மாத்திரத்தில் சொல்கிறவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள்!

பெண்களுக்கு வராது என்று நினைக்கிறீர்களா? அமெரிக்காவில் 2,325 பேரிடம் எடுத்து 2018ல் வெளியான ஆய்வில், பாலியல் உந்துதலைக் கட்டுப்படுத்த முடியாமல் அவதிப்படுவதாகச் சொன்ன ஆண்கள் 10.3 சதவீதம், பெண்கள் 7 சதவீதம். இது நோய் உறுதியானவர்களின் கணக்கு இல்லை. அவதிப்படுகிறவர்களின் கணக்கு. ஆனாலும் யோசித்துப் பாருங்கள்: ஒரு பெண் இதை யாரிடம் போய்ச் சொல்வாள்? 42 நாடுகளில் 82,000க்கும் அதிகமானோரிடம் நடத்திய இன்னொரு பெரிய ஆய்வில் ஏறத்தாழ 5 சதவீதம் பேர் அபாய எல்லையில் இருந்தார்கள். அவர்களில் சிகிச்சைக்குப் போனவர்கள் ஏழில் ஒருவர் அளவே. மற்றவர்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டு தவிக்கிறார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதற்கும் உஷார்!

இந்தப் பெயரைக் கேடயமாகப் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். 2021 மார்ச்சில் அமெரிக்காவின் அட்லாண்டா பகுதியில் மசாஜ் நிலையங்களில் புகுந்து ஒருவன் 8 பேரைச் சுட்டுக் கொன்றான். அவர்களில் 6 பேர் ஆசிய வம்சாவளிப் பெண்கள். பிடிபட்டதும் அவன் போலீஸிடம் சொன்ன காரணம், தனக்கு செக்ஸ் அடிக்‌ஷன்! செத்துப்போன அந்தப் பெண்கள் ஏதோ அவனைச் சோதித்த பொருட்கள்போல. வயிறு எரிகிறது.

உந்துதல் நோய் இருக்கலாம். அடுத்தவர் சம்மதம் இல்லாமல் தொடுவதற்கு அது அனுமதிச் சீட்டு இல்லை. அலுவலகத்தில் பெண்களைச் சீண்டுகிறவர், பேருந்தில் உரசுகிறவர், மாட்டிக்கொண்ட பிறகு ‘எனக்கு நோய்’ என்றால், நோய்க்கு மருத்துவரிடம் போகட்டும், செயலுக்குப் பதில் சொல்லட்டும். குழந்தை மேல் யாராவது கை வைத்தால், அதை இந்தப் பெயரில் மூடி மறைக்காதீர்கள்! குழந்தைகள் மேல் போகும் நாட்டத்தை உலக சுகாதார நிறுவனம் இந்த நோயில் சேர்க்கவே இல்லை, தனியாக வைத்திருக்கிறது. 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டம் இருக்கிறது. அப்படி ஒன்று நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே அந்தச் சட்டத்தில் குற்றம். 1098க்குப் பேசுங்கள். குடும்ப மானம் என்று யாராவது உங்கள் வாயைப் பொத்தினால், அந்தக் கையைத் தட்டிவிடுங்கள்.

சரி, நிஜமாகவே இந்த நோய்தான் என்றால்? பயம் வேண்டாம், வழி இருக்கிறது. எந்த நேரத்தில், எந்த மனநிலையில் உந்துதல் கிளம்புகிறது என்று கண்டுபிடித்து, தப்பிக்கப் பழக்கும் உளவியல் பயிற்சி இருக்கிறது. பலருக்கு அது தனிமையில், மனச்சோர்வில், பதற்றத்தில் கிளம்புகிறது. சுவீடனில் 137 ஆண்களைக் கொண்டு நடத்தி 2019ல் வெளியான ஆய்வில், குழுவாக உட்கார வைத்துச் சில வாரம் கொடுத்த அந்தப் பயிற்சி நல்ல பலன் தந்தது. மனச்சோர்வுக்குத் தரும் சில மாத்திரைகளையும், குடிநோய்க்குத் தரும் நால்ட்ரெக்ஸோனையும் மருத்துவர்கள் சிலருக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள். மனநல மருத்துவர் எழுதாமல் இவற்றில் ஒன்றையும் தொடாதீர்கள். வீட்டை விட்டுப் பிரித்து, பூட்டி வைத்து, அடித்துத் திருத்தும் சிகிச்சை என்று ஒன்று எந்த மருத்துவத்திலும் கிடையாது. சங்கிலியால் கட்டுவதை 2017 சட்டம் வெளிப்படையாகத் தடை செய்திருக்கிறது. பதிவுச் சான்றிதழைக் காட்டாத மையம், மனநல மருத்துவர் யார் என்று கேட்டால் மழுப்பும் மையம், ‘மூணு மாசம் ஃபோன் பேசக்கூடாது, பார்க்க வரக்கூடாது’ என்று சொல்லும் மையம். இதில் எந்த ஒன்று தெரிந்தாலும் அங்கிருந்து திரும்பி வந்துவிடுங்கள்!

யாரிடம் போவது என்று தெரியவில்லையா? 14416. அரசின் டெலி மானஸ் எண். காசு கிடையாது. இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. நீங்கள் சொல்வதை வெளியே சொல்லக்கூடாது என்பது அவர்களுக்குச் சட்டக் கட்டாயம்.

மனைவியரே, கடைசியாக உங்களிடம். கணவர் வெளியே போய்வந்திருக்கிறார் என்று தெரிந்தால், அவருக்கு நோயா கொழுப்பா என்ற பஞ்சாயத்து முடியும்வரை காத்திருக்காதீர்கள். உங்கள் உடம்பை முதலில் பாருங்கள். அரசு மருத்துவமனைகளில் ‘நம்பிக்கை மையம்’ இருக்கும். எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், ரகசியம் காப்பார்கள். மற்ற பால்வினை நோய்களுக்கும் அதே மருத்துவமனையில் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். சில தொற்றுகள் பெண்ணுக்கு அறிகுறியே காட்டாமல் கருப்பையைக் கெடுக்கும். இன்று ‘இல்லை’ என்று வந்தாலும், தொற்று ரத்தத்தில் தெரிய நாளாகும். மறுபடி எப்போது வரவேண்டும் என்று கேட்டு அந்தத் தேதியில் போங்கள். அதுவரை ஆணுறை இல்லாமல் கூடாது. அவர் கோபித்துக்கொண்டாலும் கூடாது. நகை, வீட்டுப் பத்திரம், வங்கி அட்டை எல்லாம் உங்கள் கைக்கு வரட்டும். அவர் சிகிச்சைக்குப் போகிறாரா இல்லையா என்பது அவர் முடிவு. இந்த வாரமே பரிசோதனைக்குப் போவது உங்கள் முடிவு. தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால், நம்பிக்கையான ஒரு அக்காவையோ தோழியையோ கூட்டிக்கொண்டு போங்கள்.